வேலைக்கு ஓர் உலாவியா, எல்லாவற்றுக்கும் ஒன்றா?

உலாவியில் ஓர் ஒன்லைன் விண்ணப்பத்தைத் திறந்து, அடையாள அட்டை எண் கேட்கும் கட்டத்தில் 7 என்று ஒரே ஓர் இலக்கம்தான் தட்டினேன். கீழே ஐந்து எண்கள் வரிசையாக வந்து நின்றன. ஐந்தும் முந்திய வாரங்களில் எங்கள் மேசைக்கு வந்துபோனவர்களுடையவை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அக்கா திரையை உற்றுப் பார்த்துவிட்டு, “இது எங்க நாத்தனார் நம்பரில்ல தம்பி?” என்று கேட்டார். நாத்தனாருடைய அட்டையின் போட்டோ கொப்பியும் அவர் கையில் இருந்தது. எண் அப்படியே பொருந்தியது.

அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. இலங்கை அடையாள அட்டை எண் வெறும் தொடரிலக்கம் இல்லை. முதலில் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்று இலக்கங்கள் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு 500 கூட்டியிருக்கும். பழைய எண் 78520 என்று தொடங்கினால், 1978 ஜனவரி 20ஆம் தேதி பிறந்த பெண் என்று அர்த்தம். பழைய ஒன்பது இலக்க எண்ணின் கடைசியில் வரும் வீ அல்லது எக்ஸ், அட்டை எடுத்த நேரத்தில் வாக்குரிமை இருந்ததா இல்லையா என்பதைச் சொல்லும். 1948இல் குடியுரிமை பறிபோய், 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை பலர் காத்துக்கிடந்த மலையகத்தில் அந்த ஒற்றை எழுத்து எவ்வளவு கனமானது என்று நான் விளக்க வேண்டியதில்லை.

நாங்கள் ஹட்டன் பக்கம் ஒரு வாடகை அறையில் இயங்கும் சிறிய தன்னார்வக் குழு. தோட்டக் குடும்பங்களின் ஆவண வேலைகளுக்குக் கைகொடுக்கிறோம். வேலை மூன்று விதம். வார நாட்களில் இளைஞர்கள் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களுக்குப் போய், எந்த வீட்டில் யாருக்குப் பிறப்புச் சான்றிதழ் இல்லை, யாருடைய அடையாள அட்டையில் பெயர் பிழை, யாருடைய சேமலாப நிதிக் கணக்கு முடங்கிக் கிடக்கிறது என்று கேட்டு எழுதுவார்கள். சனிக்கிழமை மேசை போட்டு, வருகிறவர்களுக்கு ஒன்லைன் விண்ணப்பங்கள் நிரப்பிக் கொடுப்போம். மற்ற நேரத்தில் தோட்டங்கள் சம்பந்தப்பட்ட அறிவித்தல்கள், சுற்றறிக்கைகள், பழைய பத்திரிகைச் செய்திகள் ஆகியவற்றைச் சேமித்து வைப்போம். இவ்வளவுக்கும் நான்கு பழைய லெப்டொப்களிலும் பிள்ளைகளின் போன்களிலும் இருந்தது ஒரே குரோம் உலாவிதான்.

நாத்தனார் நம்பர் விஷயம் நடந்த பிறகு உட்கார்ந்து பேசினோம். அப்போதுதான் ஒன்று தெளிவானது. லயத்தில் எடுக்கும் தகவல் எந்தக் காரணத்துக்காகவும் தொலையக் கூடாது. மேசையில் தட்டும் தகவல் ஒரு நிமிஷம்கூடத் தங்கக் கூடாது. இரண்டையும் ஒரே உலாவியிடம் கேட்டால் அது என்ன செய்யும்? சாதாரண உலாவி, மக்கள் வசதிக்காக, நினைவில் வைக்கும்படி செய்யப்பட்டது. அதனால் மேசையில் பிழை வந்தது. அதே உலாவியில், தளங்கள் போட்டுவைத்த தரவு ஒரே தட்டில் அழிந்துபோகவும் கூடும். அதனால் லயத்தில் வேறொரு பிழை வந்தது. அதைக் கீழே சொல்கிறேன்.

ஆகவே கேள்வி எந்த உலாவி நல்லது என்பதல்ல. தரவை என்ன செய்கிறோம் என்பதை வைத்து உலாவியைப் பிரிக்க வேண்டுமா, பிரித்தால் நாமே கட்டுவதா, இருப்பதை வெட்டிச் சரிப்படுத்துவதா என்பதுதான். பதுளை, பண்டாரவளை, தலவாக்கலை பக்கமும் இதே மாதிரி வேலை செய்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குப் பயன்படட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சொந்தமாகக் கட்டலாமா?

எங்கள் குழுவில் மென்பொருள் படிக்கும் ஒரு தம்பி இருக்கிறார். முதல் யோசனை அவருடையது: குரோமுக்கு அடிப்படையான குரோமியத்தின் மூல நிரல் 2008 முதல் எல்லோருக்கும் திறந்துதான் கிடக்கிறது, அதை எடுத்து நமக்கென்று ஓர் உலாவி செய்வோம். ஆசை நியாயமானது. டிம் பெர்னர்ஸ்-லீ 1990இல் சேர்ன் ஆய்வுகூடத்தில் எழுதிய முதல் உலாவியே பக்கங்களைப் பார்க்கவும் திருத்தவும் இரண்டுக்கும் ஆனது. உலாவி என்றால் பார்ப்பதற்கு மட்டும் என்ற பழக்கம் பிறகு வந்ததுதான்.

ஆனால் கணக்குப் பார்த்தோம். குரோமியத்தைக் கட்டியெடுக்கக் குறைந்தது 100 கிகாபைட் வட்டு இடம் வேண்டும். எங்கள் லெப்டொப்களில் 4 கிகாபைட் நினைவகம். அதைக்கூட யாரிடமாவது நல்ல கொம்பியூட்டர் கேட்டுச் சமாளிக்கலாம். சமாளிக்க முடியாதது அதற்குப் பிறகு வருவது. குரோம் சில வாரங்களுக்கு ஒருமுறை புதிய பதிப்பு விடுகிறது. 2023 முதல் பாதுகாப்புத் திருத்தங்கள் வாராவாரம் வருகின்றன. ஒவ்வொன்றையும் எங்கள் உலாவிக்குள் சேர்த்து, மறுபடி கட்டி, மறுபடி பரப்ப வேண்டும். அந்தத் தம்பிக்குப் பரீட்சை வந்தால் யார் செய்வது? ஆறு மாதம் திருத்தாத ஓட்டையோடு கிடக்கும் சொந்த உலாவியில் மக்களின் அடையாள எண்ணைத் தட்டுவது, நாத்தனார் நம்பர் விஷயத்தைவிட மோசமானது. அந்த யோசனையை அங்கேயே விட்டோம்.

செயலி கட்டும் கருவியான எலெக்ட்ரானை வைத்து ஒரு மேல்கூடு மட்டும் செய்யலாமே என்றார் அந்தத் தம்பி. வேலை குறைவுதான், ஆனாலும் ஒவ்வொரு செயலிக்குள்ளும் முழுக் குரோமியம் உட்கார்ந்திருக்கும். அதைப் புதுப்பிக்கும் பொறுப்பும் நம்முடையதே. டௌரி போன்ற கருவிகள் கொம்பியூட்டரில் ஏற்கெனவே இருக்கும் உலாவி இயந்திரத்தையே பயன்படுத்துவதால் அந்தப் பாரம் இல்லை. அண்ட்ரொயிட் போனிலும், செயலிகளுக்குள் இணையப் பக்கம் காட்டும் வெப்வியூ என்ற பகுதி பிளே ஸ்டோர் வழியாகத் தனியாகப் புதுப்பிக்கப்படுகிறது. என்றைக்காவது நாங்களே ஒன்று எழுதினால் இந்த வழியில்தான் எழுதுவோம்.

தனிவேலை உலாவிகளின் கதையைப் படித்ததில் எனக்கு ஒன்று பட்டது. ஃப்ளொக் என்று ஓர் உலாவி 2005இல் வந்தது. சமூக வலைத்தளம், படம், வலைப்பதிவு எல்லாம் உலாவிக்குள்ளேயே என்று வசதிகளைச் சேர்த்துக்கொண்டே போனது. 2011இல் நிறுத்திவிட்டார்கள். அடையாளம் காட்டாமல் உலாவ உதவும் டோர் உலாவி இன்றும் இருக்கிறது. சூரிக் ஈடிஎச் பல்கலைக்கழகத்தில் பிறந்த பரீட்சை உலாவியும் இருக்கிறது. இந்த இரண்டும் பெரும்பாலும் செய்தது கழித்தல்: நினைவில் வைக்காதே, வெளியே போகாதே, அடையாளம் காட்டாதே. டோர் தன் இயந்திரத்தைத் தானே எழுதவும் இல்லை. பயர்பொக்ஸின் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்துத்தான் வெட்டித் தைக்கிறது. ஒரு வேலைக்கு உலாவியைப் பொருத்துவது என்றால் பெரும்பாலும் தேவையில்லாததை அடைப்பதுதான் என்று அப்போதிருந்து நம்புகிறேன்.

லயத்தில்: தொலையக் கூடாத தரவு

இந்தப் பகுதியைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் நாங்கள் அதிகம் இழந்தோம்.

தோட்டங்களில் சிக்னல் எப்படி என்று தெரியும். கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்குப் பக்கத்தில் இரண்டு கோடு வரும். கீழே லயத்துக்கு இறங்கினால் ஒன்றும் இல்லை. மழையும் பனிமூட்டமும் வந்தால் மடுவத்திலும் இல்லை. ஆகவே படிவம் இணையம் இல்லாமலே நிரப்பக்கூடியதாக இருக்க வேண்டும். முதலில் எடுத்தது உலாவிப் படிவம். பக்கத்தை ஒருமுறை திறந்துவிட்டால் பிறகு இணையம் இல்லாமலும் வேலை செய்யும். நிரப்பியது இன்டெக்ஸ்டிபி என்ற உலாவியின் உள்பெட்டியில் தங்கியிருக்கும், சிக்னல் வந்ததும் போய்ச்சேரும். எதையும் நிறுவ வேண்டியதில்லை, எந்தப் போனிலும் ஓடும். குரோமில் “முகப்புத் திரையில் சேர்” என்று கொடுத்தால் தனிச் செயலி மாதிரி ஐகனும் வந்துவிடும். இதைவிட என்ன வேண்டும் என்றுதான் நினைத்தோம்.

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டத்தில் எங்கள் தங்கச்சி ஒருவர் இரண்டு நாளாக 41 வீடுகள் முடித்திருந்தார். இரண்டு நாளும் சிக்னல் இல்லை. இரண்டாம் நாள் சாயந்தரம் பிறப்புச் சான்றிதழ் ஒன்றைப் படமெடுக்கப் போனபோது போன் இடமில்லை என்றது. அமைப்புகளுக்குள் போய்ப் பார்த்தார். குரோம் நிறைய இடம் பிடித்திருந்தது. தரவை அழி என்று கொடுத்தார். எங்கள் படிவத்தின் ஐகன் முகப்பில் அப்படியே இருந்ததால் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. மடுவத்துக்கு ஏறிவந்து திறந்து பார்த்தால் அனுப்ப வேண்டியவை பூச்சியம். அந்தப் பிள்ளை அழுதுவிட்டது. மறுபடி அந்த வீடுகளுக்குப் போய், கொழுந்து பறித்துவிட்டுக் களைத்து வந்தவர்களிடம் அதே கேள்விகளைக் கேட்க வேண்டியிருந்தது. அதுதான் எனக்கு இன்னும் உறுத்துகிறது.

நடந்தது இதுதான். குரோம் வழியாக முகப்பில் சேர்க்கும் தளத்துக்கு ஐகன்தான் தனி. உள்ளே தரவு கிடப்பது குரோமின் அதே பெட்டியில். குரோமைக் கழுவினால் அதுவும் கழுவப்படும். உலாவியிடம் “இதை நிரந்தரமாக வை” என்று நிரல் மூலம் கேட்க ஒரு வழி உண்டு. இடம் குறையும்போது உலாவி தானாக அழிப்பதை அது தடுக்கும். ஆனால் மனிதக் கை அழிப்பதைத் தடுக்காது. ஐபோன் சஃபாரியில் இன்னொரு சிக்கல்: முகப்பில் சேர்க்காத தளத்தை ஏழு நாள் உலாவி புழக்கத்தில் தொடாமல் விட்டால், அது சேமித்தவற்றை சஃபாரியே அழித்துவிடும்.

ஆகவே இந்த வேலைக்கு உலாவியையே கைவிட்டோம். கோபோ கலெக்ட் என்ற இலவச அண்ட்ரொயிட் செயலி இருக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2008இல் தொடங்கிய ஓடிகே திட்டத்தின் வழியில் வந்தது. இதன் பெட்டி தனி. குரோமை என்ன செய்தாலும் இதற்கு ஒன்றும் ஆகாது. பாதி நிரப்பியதை வரைவாக வைக்கலாம், முடித்தவை வரிசையில் காத்திருந்து சிக்னல் கிடைத்ததும் போகும். குறைகளும் உண்டு. ஐபோன் வைத்திருக்கும் பிள்ளைகள் உலாவிப் படிவத்தையே நம்ப வேண்டும், அவர்களை நாங்கள் மேசை வேலைக்கு மாற்றினோம். செயலியை நீக்கினால் அதற்குள் இருப்பதும் போய்விடும் என்பதை ஒவ்வொருவருக்கும் சொல்லிக் கொடுக்க வேண்டும். படிவத்தின் வடிவத்தை மாற்றும் சுதந்திரமும் குறைவு.

வெப்வியூ வைத்து நாங்களே ஒரு சிறு செயலி எழுதுவது மூன்றாவது வழி. அதற்கும் தனிப்பெட்டி கிடைக்கும், தோற்றம் நம் விருப்பப்படி இருக்கும். ஆனால் வரிசையில் நிறுத்தி அனுப்புவது, பாதியில் அறுந்தால் மறுபடி முயல்வது, ஒரே படிவம் இரண்டுமுறை போகாமல் பார்ப்பது எல்லாவற்றையும் நாமே எழுத வேண்டும். கோபோவில் அவை பல ஆண்டுகளாகப் பலர் கையில் அடிபட்டுத் தேறியவை. வேண்டாம் என்று முடிவெடுக்க எங்களுக்கு அதிக நேரம் ஆகவில்லை.

கருவியைவிட முக்கியமாக ஒன்றைச் செய்தோம். படிவத்திலிருந்து அடையாள அட்டை எண்ணையே தூக்கிவிட்டோம். லயத்தில் எங்களுக்குத் தெரிய வேண்டியது “அட்டை இருக்கிறதா, இல்லையா, பிழையா” என்பது மட்டும். எண் தேவைப்படுவது மேசையில், அந்த ஆள் எதிரில் இருக்கும்போதுதான். தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கமாக நம் நாட்டில் நிறைவேறியிருக்கிறது. சட்டத்துக்காக இல்லாவிட்டாலும், எடுக்காத எண் தொலையாது, திருடுபோகாது. 41 வீட்டுத் தரவு போனபோது அதில் எண்கள் இருந்தனவே, அந்தப் போனே தொலைந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்துத்தான் இந்த முடிவுக்கு வந்தோம்.

மேசையில்: தங்கக் கூடாத தரவு

சரி, சனிக்கிழமை மேசைக்கு வருவோம். எல்லோரும் முதலில் சொல்வது மறைநிலைச் சாளரம் (இன்கொக்னிடோ). அது பாதி வழிதான். குரோமிலும் பயர்பொக்ஸிலும் திறந்திருக்கும் மறைநிலைச் சாளரங்கள் எல்லாம் ஒரே அமர்வைப் பகிர்கின்றன. கடைசிச் சாளரம் மூடும் வரை முதல் ஆளின் உள்நுழைவு அப்படியே நிற்கும். கூட்டம் உள்ள நாளில் ஒரு சாளரத்தைத் திறந்தபடி விட்டு அடுத்ததைத் திறப்பது சகஜம். அப்புறம் அடுத்தவருடைய விண்ணப்பம் முந்தியவர் கணக்கில் போய் விழும். தவிர, களைப்பில் யாராவது ஒருவர் சாதாரணச் சாளரத்தைத் திறந்துவிடுவார். மனித ஞாபகத்தை நம்பும் பாதுகாப்பு சனிக்கிழமை பதினொரு மணிக்கு மேல் நிற்காது.

பயர்பொக்ஸில் கொள்கலன் தாவல்கள் என்று ஒன்று உண்டு. தளங்கள் உலாவியில் போட்டுவைக்கும் குறிப்புகளான குக்கீகள் ஒவ்வொரு கொள்கலனுக்கும் தனி. ஒரே ஆள் இரண்டு மின்னஞ்சல் கணக்கு வைத்துக்கொள்ள அருமையான வசதி. ஆனால் படிவங்களில் தட்டியதும் சேமித்த கடவுச்சொற்களும் கொள்கலன்களுக்கிடையே பிரிவதில்லை. எங்களைச் சுட்டதே படிவ நினைவுதான், ஆகவே இது எங்களுக்கான மருந்து இல்லை.

மிஞ்சியது, உலாவிக்கு வெளியிலிருந்து கட்டளை போடுவது. குரோமிலும் செய்யலாம். மூடியதும் பயனர் தடயம் முழுவதையும் அழிக்கச் சொல்லும் கொள்கை அதில் இருக்கிறது. விண்டோஸில் அதை ரெஜிஸ்ட்ரி என்ற உள் அமைப்புப் பதிவேட்டுக்குள் போய் அமைக்க வேண்டும். பயர்பொக்ஸில் ஒரே ஓர் எழுத்துக் கோப்பு போதும். பயர்பொக்ஸ் நிறுவியிருக்கும் இடத்தில் டிஸ்ட்ரிபியூஷன் என்ற கோப்புறை செய்து, பாலிசிஸ் என்ற பெயரில் ஒரு ஜேசன் கோப்பை உள்ளே போட்டால், அடுத்த முறை திறக்கும்போது அதன்படி நடக்கும். ஒரு பென் டிரைவில் வைத்து நான்கு லெப்டொப்களிலும் அரைமணி நேரத்தில் போட்டுவிட்டோம். இரண்டு லெப்டொப்கள் விண்டோஸ் 11ஐத் தாங்கவில்லை. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 ஒக்டோபர் 14இல் முடிந்ததால் அவற்றை லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளத்துக்கு மாற்றியிருந்தோம். அங்கும் அதே கோப்புதான்.

கோப்பில் நாங்கள் எழுதியவை அதிகம் இல்லை. எப்போதும் மறைநிலையிலேயே திற. படிவ நினைவு வேண்டாம். கடவுச்சொல்லைச் சேமிக்கவா என்று கேட்காதே. எல்லாத் தளங்களையும் அடை, நாங்கள் சொல்லும் அரசுத் தளங்களை மட்டும் விடு. மறைநிலை தரவை நினைவகத்தில்தான் வைத்திருக்கும், ஆகவே நடுவில் கரண்ட் போனாலும் வட்டில் மிச்சம் இருக்காது. தளங்களை அடைத்ததில் முதல் வாரம் ஒரு தடங்கல் வந்தது. கட்டணம் செலுத்தும் கட்டத்தில் பக்கம் வங்கித் தளத்துக்குத் தாவியதும் திரை அங்கேயே நின்றது. அந்த முகவரியையும் பட்டியலில் சேர்த்தோம். இப்படி இரண்டு மூன்று சனிக்கிழமைகள் திருத்தித்தான் பட்டியல் நிலைக்கு வந்தது.

சாதாரணப் பதிப்புக்குப் பதில் நீண்டகால ஆதரவுப் பதிப்பை எடுத்ததற்கும் காரணம் உண்டு. பாதுகாப்புத் திருத்தங்கள் தவறாமல் வரும், ஆனால் தோற்றமும் பொத்தான்களும் ஏறக்குறைய ஓராண்டுக்கு அப்படியே இருக்கும். வாரத்தில் ஒருநாள் மட்டும் மேசைக்கு வரும் தொண்டருக்கு அது பெரிய நிம்மதி.

இதற்கும் எட்டாதது ஒன்று இருக்கிறது. தரவிறக்கிய பிடிஎஃப் மறைநிலையிலும் வட்டில் தங்கும். நிரப்பிய விண்ணப்பத்தின் நகல் என்றால் அதில் பெயர், எண், முகவரி எல்லாம் இருக்கும். லினக்ஸ் மின்டில் விருந்தினர் அமர்வைத் திறந்து வேலை செய்தால், வெளியேறும்போது அந்த அமர்வின் கோப்புகளும் சேர்ந்து அழிகின்றன. விண்டோஸ் லெப்டொப்களில் இன்னும் கையால்தான் அழிக்கிறோம். அவற்றையும் மாற்றும் எண்ணம் இருக்கிறது. மேசையின் மேல் ஒரு தாளும் ஒட்டியிருக்கிறோம்: ஆள் எழுந்ததும் உலாவியை மூடு. எந்த அமைப்பும் இந்த ஒன்றை எங்களுக்காகச் செய்யாது.

சேமிப்பில்: மாறக் கூடாத தரவு

மூன்றாவது வேலையில் குழப்பம் குறைவு. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதைப் பற்றி அந்த நாட்களில் இணையத்தில் வந்த செய்திகளைத் தேடினால் இணைப்புகள் பல செத்துக் கிடக்கின்றன. பக்கத்தை பிடிஎஃப் ஆக்கினால் வடிவம் உடைகிறது. திரையைப் படமாகப் பிடித்தால் தேட முடியாது. வார்க் என்ற காப்பக வடிவம் இருக்கிறது, ஐஎஸ்ஓ 28500 தரம். உலாவியில் நீங்கள் பார்க்கப் பார்க்க, வந்திறங்கும் ஒவ்வொன்றையும் அப்படியே அந்தக் குடும்பத்து வடிவத்தில் பதியும் ஆர்க்கைவ்வெப் பேஜ் என்ற இலவச நீட்சியை (உலாவியோடு சேர்க்கும் கூடுதல் கருவி) குரோமில் போட்டிருக்கிறோம். பிறகு இணையம் இல்லாமலே பக்கத்தைத் திறந்து பார்க்கலாம். குரோமை வைத்துக்கொண்டது இந்த வேலைக்கு மட்டும்.

நூற்பட்டியலுக்கு ஸொட்டெரோ என்ற செயலி. அதன் கதையில் ஒரு பாடம் உண்டு. 2006இல் பயர்பொக்ஸுக்குள் வாழும் நீட்சியாகப் பிறந்தது. பயர்பொக்ஸ் 2017இல் பழைய வகை நீட்சிகளைக் கைவிட்டபோது அது முழுக்கத் தனிச் செயலியாக வெளியே வர வேண்டியதாயிற்று. பெரிய குழு என்பதால் பிழைத்தது. நம் சேகரிப்பை ஒரு நீட்சியை நம்பி வைக்கலாம், அந்த நீட்சி மட்டுமே திறக்கக்கூடிய வடிவத்தில் வைக்கக் கூடாது. பழைய தமிழ்ப் பத்திரிகைகளை ஸ்கேன் செய்து வைப்பதென்றால் 2005 முதல் நூலகம் என்ற இணைய நூலகத் திட்டம் அதைச் செய்து வருகிறது. அங்கே இருப்பதை நாங்கள் மறுபடி செய்வதில்லை.

பெயர்கள்

இது நாலாவது வேலை. முதலில் இதை ஒரு வேலையாகவே எண்ணவில்லை.

தோட்டத்தில் ஒரே ஆளுக்கு மூன்று பெயர் இருக்கும். பிறப்புப் பதிவில் ஒருவர் காதில் விழுந்தபடி எழுதினார், தோட்டத்தின் பெயர்ப் பதிவேடான செக்ரோலில் ஆங்கிலத்தில் இன்னொருவர் எழுதினார், அடையாள அட்டையில் மூன்றாவது விதம். அதோடு கொம்பியூட்டர் தன் பங்குக்கு ஒன்று சேர்த்தது. யோகராணி என்று தேடினால் நான்கில் இரண்டு பேர்தான் வந்தார்கள். திரையில் நான்கும் ஒரே மாதிரி. உள்ளே பார்த்தால், யோ என்பதை ஒரு விசைப்பலகை யகரத்தோடு ஒரே ஓகாரக் குறியாக எழுதியிருக்கிறது. மற்றது ஏகாரக் கொம்பும் காலும் என இரண்டு குறியாக எழுதியிருக்கிறது. எழுத்துகளுக்கான பொதுக் குறிமுறையான யூனிகோட்டில் இரண்டும் சமம் என்று விதி இருக்கிறது, எக்செல் தேடலுக்கு அது தெரியவில்லை. ஜெயஸ்ரீ இன்னும் மோசம். ஸ்ரீ என்பதை ஸகரத்தில் தொடங்கியும் எழுதலாம், ஶகரத்தில் தொடங்கியும் எழுதலாம். இந்த இரண்டுக்கும் சமம் என்ற விதிகூட இல்லை, நாமே சொல்லிக் கொடுக்க வேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டிய பழைய பட்டியல்களை முதலில் யூனிகோடுக்கு மாற்றவே ஒரு மாதம் போனது.

இங்கே, பட்டியல்களைச் சுத்தப்படுத்தும் ஓபன்ரிஃபைன் என்ற கருவி கைகொடுத்தது. பார்க்க உலாவிப் பக்கம் மாதிரி இருக்கும், ஆனால் ஓடுவது நம் லெப்டொப்புக்குள்ளேயே. தரவு வெளியே போகாது. பைதன் நிரல்மொழியில் ஒரு வரி எழுதி எல்லாப் பெயர்களையும் ஒரே குறிமுறைக்குக் கொண்டுவந்து, ஓரிரு எழுத்து வித்தியாசத்தில் உள்ள பெயர்களைக் கொத்துக் கொத்தாகக் காட்டச் சொன்னோம். அது காட்டும் கொத்துகளை அப்படியே ஒன்றாக்கிவிடத் தோன்றும். அதைச் செய்யவே கூடாது. சான்றிதழில் பிழையாக இருக்கும் பெயர் பிழையாகவே எங்கள் பட்டியலிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் பிரதேச செயலகத்தில் அதிகாரி தேடப்போவது அந்தப் பிழையான எழுத்தைத்தான். மூன்று பெயரையும் மூன்று நெடுவரிசையில் எழுதியபடியே வைத்து, மூன்றும் ஒரே ஆள் என்று இணைக்க எங்கள் சொந்த எண் ஒன்று கொடுத்தோம்.

ஆக, இப்போது எங்களிடம் இருப்பது: போனில் கோபோ, மேசையில் கட்டுப்படுத்திய பயர்பொக்ஸ், சேமிப்புக்குக் குரோமும் ஸொட்டெரோவும், பெயர்களுக்கு ஓபன்ரிஃபைன். எல்லாம் இலவசம், ஆனால் செலவில்லை என்று சொல்ல மாட்டேன். புதிதாக வரும் பிள்ளைக்கு நான்கையும் விளங்கப்படுத்த இரண்டு சனிக்கிழமை போகிறது. இரண்டு பேர் மட்டும் உள்ள குழு என்றால் இவ்வளவு பிரிப்பது பாரம். அவர்கள் மேசையையும் மற்றதையும் மட்டும் பிரித்தால் போதும் என்பது என் அபிப்பிராயம். லயத்துக்குப் போகாத குழுவுக்குக் கோபோவே தேவையில்லை. ஏற்கெனவே எல்லோரும் குரோமில் பழகியிருந்து, ரெஜிஸ்ட்ரி தெரிந்த ஒருவரும் இருந்தால், மேசைக்கும் குரோமே இருக்கட்டும்.

ஒரு மத்தியானம்தான் நேரம் இருக்கிறது என்றால் மேசை லெப்டொப்பில் தொடங்குங்கள். கோப்பைப் போட்டதும் பயர்பொக்ஸை மூடித் திறந்து, முகவரிப் பட்டையில் அபவுட், முக்காற்புள்ளி, பாலிசிஸ் என்று தட்டினால் எந்தெந்தக் கட்டளை நடைமுறையில் இருக்கிறது என்று காட்டும். பிறகு அனுப்பினாலும் பாதிப்பில்லாத ஒரு படிவத்தில் ஏதாவது ஓர் எண்ணை நிரப்பி, அனுப்பிவிட்டு மூடுங்கள், ஏனென்றால் அனுப்பும்போதுதான் உலாவி அதை நினைவில் வைக்கும். மறுபடி திறந்து அதே கட்டத்தில் முதல் இலக்கத்தை மட்டும் தட்டிப் பாருங்கள். கீழே ஒன்றும் வந்து நிற்கக் கூடாது.